40 டிகிரி வெயிலில் குளிர்காற்று எங்கிருந்து வரும்?

வெயில் ஊரில் கார் வைத்திருப்பவர் முதலில் மாற்ற வேண்டியது ஏர் இன்டேக்தான் என்றொரு கருத்து வேரூன்றிவிட்டது. ஆக்சஸரிஸ் கடையில் கேட்டாலும், ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும், கார் பைத்தியம் பிடித்த நண்பனைக் கேட்டாலும் இதே பதில்தான் வருகிறது. இது தவறான கருத்து என்று சொல்லவே இதை எழுதுகிறேன். வெயிலைக் காரணம் காட்டிச் சொல்லும்போது இது அடியோடு தவறு.

முதலில் அவர்கள் தரப்பை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் எரிப்பது பெட்ரோலை என்றாலும் அதன் சக்திக்கு எல்லை கட்டுவது காற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று சூடானால் விரியும். அதே சிலிண்டருக்குள் எடை குறைந்த காற்றுதான் நுழையும். கடல்மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் உலர்காற்றின் எடை 1.225 கிலோ. 40 டிகிரியில் 1.127 கிலோ. எட்டு சதவீதம் போய்விட்டது. கத்திரி வெயிலில், வேலூரிலோ திருச்சியிலோ, ஏசியையும் போட்டுக்கொண்டு நாலு பேரோடு மேம்பாலம் ஏறும்போது கார் மூச்சு வாங்குவதை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். கம்பெனி கொடுத்த காற்றுப்பெட்டி செலவைக் குறைக்கவும் சத்தத்தை அடக்கவும் செய்யப்பட்டது. அதன் வாய் குறுகல், ஃபில்டர் காகிதம். அதைக் கழற்றிவிட்டுப் பெரிய கோன் ஃபில்டரும் வழுவழுப்பான அலுமினியக் குழாயும் மாட்டினால் காற்று தாராளமாகவும் குளிர்ச்சியாகவும் வரும். வெயில் ஊரில் இழப்பு அதிகம் என்பதால் அங்கே இந்த மாற்றத்தின் பலனும் அதிகம். இதுதான் அவர்கள் வாதம்.

14.7 கணக்கு சரி. அடர்த்திக் கணக்கு சரி. சத்தத்துக்காகக் கம்பெனி விட்டுக்கொடுப்பதும் உண்மை. கடைசியில் வரும் இரண்டு வாக்கியங்களோடுதான் எனக்குச் சண்டை.

1. எந்தக் குழாயால் வெளிக்காற்றைக் குளிரவைக்க முடியும்? இன்டேக் என்பது காற்று போகும் வழி. அதற்குள் ஏசி எதுவும் இல்லை. உலகிலேயே சிறந்த இன்டேக்கை மாட்டினாலும் வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே 40 டிகிரிதான். அதற்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்காது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கம்பெனிப் பெட்டி வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாகத் தருகிறது? பானட்டைத் திறந்து அந்தப் பெட்டியின் வாய் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது ரேடியேட்டருக்கு மேலே கிரில்லை ஒட்டியோ, ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ போய் முடியும். ரேடியேட்டரின் சூடு படுவதற்கு முன்னால் இருக்கும் காற்றை அது எடுக்கிறது. கார் ஓடும்போது அங்கே கூடும் சூடு சில டிகிரிதான். மீட்க முடிந்தது அந்தச் சில டிகிரி மட்டுமே.

அந்தச் சில டிகிரியின் மதிப்பு வெயில் ஊரில் கூடுமா? கூடாது. அடர்த்தி தனிவெப்பநிலையைப் பொறுத்தது. ஊட்டியில் 10 டிகிரிக் காற்றை ஐந்து டிகிரி குறைத்தால் 283-இல் ஐந்து பங்கு கிடைக்கும். வேலூரில் 40 டிகிரிக் காற்றை அதே ஐந்து டிகிரி குறைத்தால் 313-இல் ஐந்து பங்குதான். வெயில் ஊரில் பலன் கூடுவதாகச் சொல்லப்படுகிறது. கணக்கு அதைக் குறைத்துக் காட்டுகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் இன்னொரு இழப்பும் உண்டு. 35 டிகிரியில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் நாம் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ மூன்றரை சதவீத இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு அந்த இடம் இல்லை. இதை எந்த ஃபில்டரும் வடிகட்டித் தராது.

2. கோன் ஃபில்டர் உட்காரும் இடத்தில் என்ன சூடு? இந்தக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. நம் காரின் முன்பக்கத்தில் முதலில் ஏசி கண்டென்சர், அடுத்து 90 டிகிரித் தண்ணீர் ஓடும் ரேடியேட்டர், அதற்குப் பின்னால் விசிறி. இந்த மூன்றையும் தாண்டி வந்த காற்றுதான் பானட்டுக்குள் நிற்கிறது. மே மாதம் மதியம், ஏசி ஓட, தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரில் அந்தக் காற்று 60 டிகிரியை எளிதில் தாண்டும். பெட்டியைக் கழற்றித் திறந்த ஃபில்டரை அங்கே வைப்பவர் முன்பு இல்லாத 20 டிகிரியைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

லாபநட்டத்தைப் பார்ப்போம். சாதாரண கார் இன்ஜின் முழு வேகத்தில் இழுக்கும்போது புதுக் காகித ஃபில்டர் போடும் தடை ஓரிரு கிலோபாஸ்கல். காற்றழுத்தம் மொத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். எனவே ஒரு கிலோபாஸ்கல் தடையை அடியோடு நீக்கினால்கூடக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு சதவீதச் சக்தி. அதுவும் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்கும்போது மட்டும். பாதி மிதியில் போகும்போது பெரிய தடை த்ராட்டில்தான். ஃபில்டர் அங்கே ஒரு பொருட்டே இல்லை. சரி, சூட்டால் இழப்பது எவ்வளவு? வெப்பநிலைக்கு ஏற்பச் சக்தியைத் திருத்தப் பயன்படும் ஐ.எஸ்.ஓ. 1585 விதி, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்குச் சொல்லும் கணக்கின்படி 40-இலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் இழப்பு ஏறத்தாழ 4 சதவீதம். ஒன்று வரவு, நான்கு செலவு.

இதோடு முடியவில்லை. இன்டேக் காற்றின் சூட்டை ஒரு சென்சார், இன்ஜினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ.வுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சூடு ஏறினால் இன்ஜின் நாக் ஆகாமல் காக்க ஈ.சி.யூ. ஸ்பார்க்கைப் பின்தள்ளும். அந்த இழப்பு மேலே சொன்ன நான்கில் சேரவில்லை. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் பச்சை விழுந்ததும் மிதிக்கும்போது வண்டி மந்தமாக எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹீட் ஷீல்டு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மூன்று பக்கத் தகடு, எக்சாஸ்ட்டிலிருந்து நேராக அடிக்கும் சூட்டைத் தடுக்கும். ஆனால் பானட்டுக்குள் நிறைந்திருக்கும் சூடான காற்று சுற்றிவந்து நான்காவது பக்கம் வழியாக நுழையும். தகட்டை நாலு பக்கமும் மூடி, மேலே பானட்டோடு ரப்பர் வைத்து அடைத்து, முன்பக்கம் வெளிக்காற்றுக்கு ஒரு வாய் விட்டால்தான் பயன். அப்படிச் செய்து முடித்தபின் கையில் இருப்பது என்ன? நீங்கள் கழற்றிப் பரணில் போட்ட பெட்டிதான்.

3. மாட்டியவர்கள் எல்லோரும் பிக்கப் கூடியதாகச் சொல்வது பொய்யா? அவர்கள் பொய் சொல்லவில்லை. பெட்டியைக் கழற்றியதும் இன்ஜின் காற்றை உறிஞ்சும் சத்தம் நேராகக் காதுக்கு வருகிறது. கூடுதல் சத்தத்தைக் கூடுதல் வேகமாக உணர்வது மனித இயல்பு. நானும் அப்படி உணர்ந்தவன். இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் சீட்டைக் காட்டுகிறார்களே என்றால், அந்தச் சீட்டை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். பானட் திறந்திருக்கும். முன்னால் பெரிய விசிறி சுழலும். அந்த நிலையில் கோன் ஃபில்டருக்கு வெளிக்காற்று தாராளமாகக் கிடைக்கும். யாரும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மதுரைக்குப் போவதில்லை.

அதைவிட ஆபத்தானது திருத்தக் கணக்கு. டைனோ, அளந்த சக்தியை 25 டிகிரியில் எவ்வளவு இருக்கும் என்று மாற்றித்தான் அச்சடிக்கிறது. வெப்பநிலை அளக்கும் முனையை வெளியே வைத்தால் 40 டிகிரி என்று எடுத்துக்கொண்டு சுமார் 3 சதவீதம் கூட்டும். அதே முனையைச் சூடான ஃபில்டர் பக்கத்தில் வைத்து 60 டிகிரி காட்டினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூட்டும். 80 குதிரைத்திறன் காரில் இந்த வித்தியாசம் மட்டுமே மூன்று குதிரைத்திறன். இன்ஜினில் ஒரு திருகுகூடத் திருகாமல், வெறும் கணக்கிலிருந்து கிடைத்த மூன்று. திருத்தாத எண்ணையும் முனை இருந்த இடத்தையும் காட்டாத சீட்டை நான் ஆதாரமாக ஏற்கமாட்டேன்.

4. அலுமினியக் குழாய் எதற்கு? அலுமினியம் பிளாஸ்டிக்கைவிடப் பல நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். முழு வேகத்தில் இது பெரிதில்லை: 1.2 லிட்டர் இன்ஜின் 6000 சுற்றில் நொடிக்கு 50 லிட்டருக்கு மேல் இழுக்கும். இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள குழாயைக் காற்று 0.04 நொடியில் கடந்துவிடும், சூடாக நேரமே இல்லை. ஆனால் ஐடிலில் அதே இன்ஜின் இழுப்பது நொடிக்கு மூன்று லிட்டருக்கும் குறைவு. காற்று குழாய்க்குள் முக்கால் நொடி தங்கும். சென்னையின் கத்திப்பாரா, பாடி சந்திப்புகளில் நம் கார்கள் எந்த நிலையில் அதிகம் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

5. தூசியை யார் கணக்கில் எடுத்தார்கள்? இந்த வாதத்தில் எனக்கு அதிகக் கோபம் வருவது இங்கேதான். சக்தி கூடவில்லை என்றால் காசு மட்டும் போகும். தூசி புகுந்தால் இன்ஜினே போகும். வெயில் ஊர் என்றாலே காய்ந்த ஊர், காய்ந்த ஊர் என்றாலே புழுதி. கரூர்ப் பக்கம் கல்குவாரி லாரிகளின் பின்னால் போனவர்களுக்கும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மண் தேரிக்காட்டு வழியில் ஆடிக்காற்றில் ஓட்டியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆயிரம் லிட்டர் பெட்ரோல். எடையில் சுமார் 740 கிலோ. 14.7-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 11 டன் காற்று. கன அளவில் ஒன்பதாயிரம் கன மீட்டருக்கு மேல். இவ்வளவு காற்றும் அந்த ஒரு ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. 99.5 சதவீதத் தூசியைப் பிடிக்கும் ஃபில்டருக்கும் 97 சதவீதம் பிடிக்கும் ஃபில்டருக்கும் வித்தியாசம் இரண்டரைதானே என்று தோன்றும். இன்ஜினைப் பொறுத்தவரை பிடித்தது முக்கியமில்லை, தப்பியதுதான் முக்கியம். ஒன்றில் தப்புவது 0.5, மற்றதில் 3. ஆறு மடங்கு. தப்பும் தூசியில் பெரும்பங்கு குவார்ட்ஸ் மணல். அதன் கடினம் மோஸ் அளவில் 7. சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே அது உப்புத்தாள்போல வேலை செய்யும். தேய்மானம் உடனே தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்து ஆயில் குறையும், பின்னால் நீலப்புகை வரும். அப்போது ஃபில்டரை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஃபில்டர் எவ்வளவு தூசி பிடிக்கிறது என்று சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற முறை இருக்கிறது. விற்பவரிடம் அந்தச் சோதனை முடிவைக் கேளுங்கள். எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், எத்தனை தூசி தப்பும் என்றும் சொல்லியாக வேண்டும். கழுவி மீண்டும் போடும் பருத்தி ஃபில்டரால் வருடாவருடம் செலவு மிச்சம் என்பதும் முழு உண்மை ஆகாது. கழுவியபின் எண்ணெய் குறைவாகத் தடவினால் தூசி தப்பும். அதிகம் தடவினால் அந்த எண்ணெய் பறந்துபோய்க் காற்றின் எடையை அளக்கும் சென்சாரில் படிந்து அதைத் தவறான அளவு கொடுக்க வைக்கும். அந்த சென்சாரின் விலையில் பல காகித ஃபில்டர்கள் வாங்கலாம்.

6. மழை வந்தால்? வாயைக் கீழே இறக்கி பம்பருக்குள், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஃபில்டரை வைக்கும் அமைப்பும் விற்கிறது. வெளிக்காற்று எடுப்பதில் அது நேர்மையான அமைப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயில் ஊரிலும் ஐப்பசி, கார்த்திகை வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை மறந்தவர் இல்லை. தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் அது புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும். கம்பெனிப் பெட்டியின் வாய் உயரத்தில் இருப்பதற்கு இதுவும் காரணம். சாதாரண பாலிசி இந்தச் சேதத்தை ஏற்பதில்லை; இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்திருந்தாலும், சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்மில் சிக்கலைக் கொண்டுவரும்.

7. டர்போ காருக்காவது பயன்படுமா? இதுதான் மிக வலுவான எதிர்வாதம், அதனால் கணக்கோடு பதில் சொல்கிறேன். காற்றை 1.8 மடங்கு அழுத்தும், 70 சதவீதத் திறனுள்ள டர்போவை எடுத்துக்கொள்வோம். வெளியே 40 டிகிரி. கம்பெனி இன்டேக் 45 டிகிரியில் தருகிறது. டர்போவிலிருந்து அது சுமார் 128 டிகிரியில் வெளியேறும். இன்டர்கூலர் வெளிக்காற்றைவிடக் கூடுதலான சூட்டில் 70 சதவீதத்தை எடுத்துவிட்டால், இன்ஜினுக்குப் போவது சுமார் 66½ டிகிரி. இப்போது குறையே இல்லாத ஓர் இன்டேக்கை மாட்டி நுழைவுச் சூட்டை 40 ஆக்குங்கள். டர்போவுக்குப் பின் 122. இன்டர்கூலருக்குப் பின் 64½. ஐந்து டிகிரிக்குச் செலவழித்தோம், இன்ஜினுக்கு வந்து சேர்ந்தது இரண்டு. அந்தப் பணத்தை இன்டர்கூலரில் போட்டு அதன் திறனை 70-இலிருந்து 80 சதவீதமாக உயர்த்தினால், இன்டேக்கைத் தொடாமலே 57½ டிகிரிக்கு இறங்கும். ஒன்பது டிகிரி. வெயில் ஊர் டர்போ காரில் பணம் போட வேண்டிய இடம் இன்டர்கூலர். பெரிதாக வாங்க முடியாவிட்டாலும் அதன் இடுக்குகளில் அடைந்த பூச்சியையும் சேற்றையும் கழுவி, காற்று பக்கவாட்டில் நழுவாமல் அடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

மைலேஜ் கூடும் என்பதை விரைவாக முடித்துவிடலாம். 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், அடைத்துப்போன ஃபில்டரை வைத்தே சோதித்தது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களின் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பிக்கப் மட்டும் குறைந்தது. அடைத்த ஃபில்டராலேயே குறையாத மைலேஜ், நல்ல ஃபில்டரை இன்னும் நல்லதாக மாற்றினால் எப்படிக் கூடும்? டீசல் கார்களுக்கும் ஒரு வரி போதும்: தேவைக்கு மேல் காற்றோடு ஓடும் இன்ஜின் அது, கூடுதல் டீசல் ஊற்றச் சொல்லி ஈ.சி.யூ.வை மாற்றாதவரை கூடுதல் காற்றால் சக்தி வராது.

இன்டேக்கையே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய டர்போ போட்டவர், ஈ.சி.யூ.வை ரீமேப் செய்து காற்றின் தேவையை உண்மையிலேயே கூட்டியவர், பந்தயத்துக்கு ஓட்டுபவர் மாற்றலாம். அவர்களும் நாலு பக்கமும் மூடிய, முன்பக்கத்திலிருந்து காற்று எடுக்கும் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் வரி குறைவு என்பதால் நம் சாலைகளில் பெருகியிருக்கும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை இந்தக் கூட்டத்தில் சேராது.

அந்தக் கார்களுக்கு வெயிலில் செய்ய வேண்டியது வேறு. என் காரில் ஒரு சர்வீசுக்குப் பிறகு காற்றுப்பெட்டியின் வாயையும் கிரில்லையும் இணைக்கும் குழாயை மாட்டாமலே கொடுத்துவிட்டார்கள். ஒரு கோடை முழுவதும் இன்ஜின் பானட்டுக்குள்ளிருந்த சூட்டையே மூச்சாக இழுத்தது, எனக்குத் தெரியவே இல்லை. ஆகவே முதலில் அந்தக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் கிளிப்புகள் உடைந்திருந்தால் மாற்றுங்கள். ரேடியேட்டரைச் சுற்றியிருக்கும் ஸ்பாஞ்ச், ரப்பர் பட்டைகள் பிய்ந்திருந்தால் சூடான காற்று முன்பக்கமே திரும்பி வரும். அவற்றைப் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். கண்டென்சரைக் கழுவுங்கள். ஃபில்டரை ஏர் அடித்துத் தட்டி மறுபடி மாட்ட விடாதீர்கள். அழுத்தக் காற்று காகிதத்தின் துளைகளைக் கிழித்துவிடும். புழுதி ஊர் என்றால் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே புதுக் காகித ஃபில்டர் போடுங்கள்.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டும் சின்ன ஓ.பி.டி. ஸ்கேனர் இன்டேக் காற்றின் சூட்டை மொபைலில் காட்டும். மதியம் இரண்டு மணிக்கு நெரிசலிலும் பைபாஸிலும் வெளிச்சூட்டைவிட அது எத்தனை டிகிரி கூடுதல் என்று குறித்துக்கொள்ளுங்கள். தடையை அளக்க, கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயே போதும். அதைக் காருக்குள் அடங்கும் உயரத்துக்கு U வடிவில் வளைத்துக் கால்வாசி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இணைத்து, மறுமுனையைத் திறந்தே விடுங்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள, வண்டியில்லாத சாலையில் முழுதாக மிதியுங்கள். இரு பக்க மட்டத்தின் வித்தியாசம் பத்து சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோபாஸ்கல். இந்த இரண்டு எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இவற்றில் எதை, எவ்வளவு குறைப்பீர்கள் என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள்.